எச்சியத் துப்பி பலம் பாத்த பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, எச்சியத் துப்பி, டப்பியில அடைச்சு, கூரியர்ல அனுப்பி வச்சியாமே? துப்புனதுக்குத் துட்டும் நீதான் குடுத்தியாமே? நாங்களுந்தான் திண்ணையில உக்காந்து வெத்தலையப் போட்டுக் காலமெல்லாம் துப்புனோம். ஒருத்தனும் வெலைக்குக் கேக்கல. தெரு நாறுதுன்னு ஏச்சுதான் கெடைச்சுது.

வந்த ரிப்போர்ட்டப் பாத்தேன். தாள் என்ன வழவழப்பு! நம்ம வீட்டுக் கல்யாணப் பத்திரிகையக்கூட இப்படி அடிக்கலியேலே. உள்ள செவப்பு மையில ஒரு கட்டம். உனக்கு வலிமை ஜீன் சரியில்லையாம். அதப் பாத்ததுல இருந்து நீ சோறு எறங்காமக் கெடக்கேன்னு உங்க ஆச்சி சொல்லுதா. வயசுகாலத்துல தாத்தா மாதிரி எந்திரிச்சு நடப்பமா, கட்டில்லயே கெடந்துருவமான்னு கவலையாம். மீசை முழுசா மொளைக்கதுக்கு முந்தி தொண்ணூறு வயசுக்குக் கவலப்படுத மொத ஆளு நம்ம வம்சத்துல நீதாம்லே.

வா, இப்படி உக்காரு. உன் அக்கா டாக்டருக்குப் படிக்கால்லா, அவ லீவுக்கு வந்தா இந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள வாசிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லுவா. நான் குறுக்க குறுக்கக் கேள்வி கேட்டு அவ உசுர எடுப்பேன். அப்படிக் கேட்டுக்கிட்டதத்தான் சொல்லுதேன்.

உன் ரிப்போர்ட்டுல கண்ட அந்த ஜீனுக்குப் பேரு ஏசிடிஎன்3. நம்ம சதையில ரெண்டு தினுசு நாரு உண்டு. ஒண்ணு வெரசாச் சுருங்கும், வெரசாக் களைச்சும் போகும். மூட்டையச் சட்டுனு தலைக்குத் தூக்க அதுதான் வேணும். இன்னொண்ணு நின்னு நெதானமா உழைக்கும். நாள் பூரா களை வெட்ட அது. வெரசு நாருக்குள்ள ஆல்ஃபா-ஆக்டினின்-3ன்னு ஒரு புரதம் இருக்கு. அத உண்டாக்கச் சொல்லுத ஜீன்தான் இது. சில பேருக்கு அதுக்கு நடுவுல 'இத்தோட நிறுத்து'ன்னு ஒரு குறி விழுந்திருக்கும். அப்பன் குடுத்தது, ஆத்தா குடுத்தது ரெண்டுலயும் அந்தக் குறி விழுந்துட்டா, புரதம் உண்டாகவே ஆகாது. அப்படிப்பட்ட ஆளுக உலகத்துல 100 கோடிக்கு மேல இருக்காக. அம்புட்டுப் பேரும் படுத்தா கெடக்காக?

2003ல ஆஸ்திரேலியாக்காரங்க குறுந்தூரம் ஓடுற பெரிய பெரிய வீரர்களச் சோதிச்சாக. அவங்க கிட்ட அந்தக் குறை மத்தவுகளவிட ரொம்பக் கம்மி. ஒடனே யாவாரி 'வேக ஜீன்'னு பேரு வச்சுக் கடையத் தொறந்துட்டான். நாலு வருசங்கழிச்சு ஸ்பெயின்ல இருந்து ஒரு சேதி வந்துது. ரெண்டு தடவ ஒலிம்பிக் போன நீளந்தாண்டுற வீரரு. 8.26 மீட்டர் தாண்டுனவரு. அவரு சதையில அந்தப் புரதம் துளிகூடக் கெடையாது! நல்ல வேள, தாண்டி முடிச்சப்புறம் சோதிச்சாக. மொதல்லயே ரிப்போர்ட்டு வந்திருந்தா, அவரும் உன்ன மாதிரி மூலையில உக்காந்து மோட்டப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு.

வயசானவுகளுக்கு இந்த ஜீன் முக்கியமா இருக்கும்னு நெனச்சதுலயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது. வயசு ஏற ஏற மொதல்ல மெலியுறது அந்த வெரசு நாருதான். கால் இடறுனா சட்டுனு ஊணி நிக்க அதுதான வேணும்? அது போச்சுன்னா கெழவன் கீழ விழுந்து இடுப்பு ஒடிவான். சதை மட்டும் இல்ல, சதைய ஏவுற நரம்பும் சாவுது. நரம்பு செத்து அனாதையாப் போன நாருகள்ல சிலத, பக்கத்து நரம்பு தன் குடும்பத்தோட சேத்துக்கிடும். சேத்துக்கிட ஆள் இல்லாத நாரு கரைஞ்சு போகும். இம்புட்டுச் சங்கதி உள்ள நடக்கயில ஒத்த ஜீன் மேல பழியப் போட்டா நிக்குமா? நிக்கல. கெழடுகள்ல அந்த ஜீன் பலத்தக் காட்டுதுன்னு ஒரு ஊர் ஆராய்ச்சி சொல்லும். ஒண்ணுங் காட்டலன்னு இன்னொரு ஊர் ஆராய்ச்சி சொல்லும்.

இந்தச் சதை கரையுறதுக்கு இப்போ 'சார்கோபீனியா'ன்னு பேரு. 2016ல அமெரிக்காக்காரன் நோய்ப் பட்டியல்ல இதுக்குத் தனி நம்பரே குடுத்துட்டான். நம்ம ஊர்ல இதுக்கு 'தளந்து போச்சு'ன்னு பேரு. நம்பர் இல்லாததுனால இன்சூரன்ஸ் கெடைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பலத்த எப்படி அளக்காகன்னு நீ பாத்திருக்கியா? போன வருசம் பள்ளிக்கூடத்துல கெழடுகட்டைக்குன்னு ஒரு முகாம் போட்டாக. கையடக்கமா ஒரு கருவி. பிடி இருக்கும், வட்டமா ஒரு முகப்பு, அதுல ஊசி. நாற்காலியில உக்காத்தி வச்சு, முழங்கைய விலாவோட ஒட்டி மடக்கச் சொல்லி, 'அமுக்குங்க தாத்தா, அமுக்குங்க, விட்றாதீங்க'ன்னு ஒரு சின்னப் பொண்ணு பக்கத்துல நின்னு கத்துது. மூணு தடவ. அதுல நல்லதா வந்தத எழுதிக்கிடும். ஆசியாவுல ஆம்பளைக்கு 28 கிலோவுக்குக் கொறஞ்சா, பொம்பளைக்கு 18 கிலோவுக்குக் கொறஞ்சா பலக்குறைவுன்னு 2019ல கணக்கு வச்சிருக்காக.

அன்னைக்கு நடந்த கூத்தக் கேளு. வெள்ள வேட்டி, தங்கச் செயின், பரம்பரையே பயில்வான் பரம்பரைன்னு பேசுத ஒரு பெரிய மனுசன். மூச்சப் பிடிச்சு, கண்ணு முழி பிதுங்க, நாற்காலிய விட்டு அரை அடி எந்திரிச்சே அமுக்குனாரு. ஊசி நகந்துது, ஆனா அவரு மூஞ்சி நகந்த அளவுக்கு இல்ல. 'கருவி கோளாறு'ன்னுட்டாரு. அவருக்குப் பின்னால நின்னது நேத்துவரைக்கும் பருத்தி எடுத்துக்கிட்டு இருந்த ஒரு கெழவி. சும்மாடு தலையில இருக்க, வெத்தல வாயில இருக்க, ஒத்தக் கையில ஒரு அமுக்கு. பெரிய மனுசரோட கணக்க ஊசி தாண்டிப் போச்சு. அந்தப் பொண்ணு நம்பாம இன்னொரு தடவ அமுக்கச் சொல்லிச்சு. 'ஏ தாயி, ஒடஞ்சா நான் துட்டுத் தரமாட்டேன்'னா கெழவி.

அந்த ஊசிய லேசா நெனைக்காத. 17 நாட்டுல கிட்டத்தட்ட 1,40,000 பேரோட கைப்பிடியப் பாத்து 2015ல ஒரு கணக்குச் சொன்னாக. பிடி 5 கிலோ கொறையக் கொறைய, சாவுக்கான வாய்ப்பு 16 சதவீதம் கூடுதாம். ரத்தக் கொதிப்ப அளந்து சொல்லுததவிட, கையப் பிடிச்சுப் பாத்துச் சொல்லுதது நல்லாப் பலிக்குதாம். இனிமே எவனாவது உன் கையப் பிடிச்சு அழுத்திக் குலுக்குனா கொஞ்சம் யோசி, ஆயுசு பாக்கானோ என்னவோ. இன்னொண்ணும் சொல்லிருதேன், வருத்தப்படாத. அந்தக் கணக்குல பிடி கொறைவா வந்த பக்கங்கள்ல நம்ம தெக்காசியாவும் ஒண்ணு. கேப்பக் கூழு குடிச்ச பலம், கம்மஞ்சோத்துப் பலம்னு நாம அடிக்கித பெருமைய ஊசி ஒத்துக்கிடல.

இனி உன் கேள்விக்கு வாறேன். பலம் பரம்பரையில எம்புட்டு வருது?

இதுக்கு நல்ல பதில் டென்மார்க்ல இருக்கு. அங்க 1954ல இருந்தே ரெட்டப் பிள்ளைகளுக்குன்னு தனிப் பேரேடு வச்சிருக்காக. எவன் எந்த ஊர்ல பெறந்தான், கூடப் பெறந்தவன் எங்க இருக்கான், எல்லாம் எழுத்துல இருக்கும். நமக்கு ரேசன் கார்டுல பேரு சரியா வந்தாலே பெருசு. 1995ல, 75 வயசத் தாண்டுன ரெட்டையர்கள ஒவ்வொருத்தரா வீடு தேடிப் போய்ப் பேட்டி எடுக்க ஆரம்பிச்சாக. ஏன் ரெட்டையர்? ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சு பெறந்தவங்களுக்கு ஜீன் அச்சு அசல் ஒண்ணு. ரெண்டு கருவாப் பெறந்தவங்க சாதாரண அண்ணன் தம்பி கணக்குத்தான், பாதிதான் ஒத்துப் போகும். மொத வகையில ஒருத்தர் பிடியும் இன்னொருத்தர் பிடியும் நெருங்கி இருந்து, ரெண்டாவது வகையில விலகி இருந்தா, அந்த வித்தியாசம் ஜீனோட வேலைன்னு கண்டுக்கிடலாம். 45 வயசுல இருந்து 96 வயசு வரைக்கும் உள்ள ரெட்டையர்களோட கைப்பிடிய அளந்து 2002ல சொன்ன விடை: ஏறக்கொறையப் பாதி.

பாதின்ன ஒடனே உன் வலக்கை தாத்தா குடுத்தது, இடக்கை நீ சம்பாரிச்சதுன்னு பங்கு பிரிச்சிராத. அது அப்படிக் கணக்கே இல்ல. நம்ம கரிசல்ல ஒரே செய்யில, ஒரே நாள்ல, ரெண்டு தினுசு சோளத்த வெதச்சேன்னு வையி. ஒண்ணு ஆள் ஒசரம், ஒண்ணு இடுப்பொசரம் வளருது. அந்த வித்தியாசம் முழுக்க வெதையோடது. அதே சோளத்துல ஒரே ரகத்த எடுத்து, ஒரு குத்த கம்மாய்க் கரையிலயும் ஒரு குத்த செம்மண் மேட்டுலயும் போட்டேன்னா? வித்தியாசம் முழுக்க மண்ணோடது. வெதை என்னமோ ஒண்ணுதான். டென்மார்க்ல எல்லாருக்கும் ரொட்டி உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, பென்சன் உண்டு. மண்ணு ஓரளவுக்குச் சமமா இருக்க எடத்துல வெதையோட பங்கு பாதி வந்துது. அதத் தூக்கிட்டு வந்து உன் தலையில வச்சு 'உன் பலத்துல பாதி விதி'ன்னு ஒருத்தன் விக்கான்னா, அவன் ஆராய்ச்சியும் படிக்கல, வெவசாயமும் பாக்கல.

மண்ணுன்னு சொன்னேன்லா, அது பெத்தவ வயித்துலயே ஆரம்பிக்குது. இங்கிலாந்துல ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்னு ஒரு ஜில்லா. 1911ல இருந்தே அங்க நர்சம்மாருக வீடு வீடாப் போய், பெறந்த பிள்ளையோட எடைய எழுதி, ஒரு வயசுலயும் எடை போட்டு எழுதி வச்சிருக்காக. பல பத்து வருசங்கழிச்சு அந்தப் பேரேடு கெடைச்சுது. பேர் இருந்த பிள்ளைகளத் தேடிப் போனா, எல்லாம் பல்லுப் போன தாத்தா பாட்டி. கையில கருவியக் குடுத்து அமுக்கச் சொன்னாக. சின்னதுல எடை கொறஞ்சு இருந்தவுகளுக்கு வயசானப்புறமும் பிடி கொறஞ்சு இருந்துச்சு. அறுவது எழுவது வருசத்துக்கு முந்தி ஒரு தாயி என்ன சாப்பிட்டா, அந்தப் பிள்ளைக்கு என்ன ஊட்டுனாங்கிறது கெழவன் கைப்பிடியில வந்து நிக்குது பாத்தியா? இது உன் எச்சிலயும் இல்ல, உன் ஜிம்முலயும் இல்ல. மாசமா இருக்குத உன் மதினிக்கு ஒழுங்கா முட்டை வாங்கிக் குடுக்கச் சொல்லி உன் அண்ணங்கிட்டச் சொல்லு. அவனும் வாச்சுல நடையெண்ணிக்கிட்டுத் திரியுதான்.

தொண்ணூறு வயசுக்காரங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணுததுல இன்னொரு எடக்கும் இருக்கு. 1905ல பெறந்த டேனிஷ்காரங்க அம்புட்டுப் பேரையும் 1998ல தேடுனாக. அப்போ 92, 93 வயசு. நாடு முழுக்க சுமாரா 3,600 பேருதான் உசுரோட இருந்தாக. அதுல 2,262 பேரு பேட்டிக்கு ஒத்துக்கிட்டாக. அவங்களோட பெறந்த மிச்சப் பேரு எங்க? ஊருக்கு மேற்க படுத்திருக்காக. எந்த ஜீன் பலத்தக் கெடுத்துதோ, அத வச்சிருந்தவன்ல பல பேரு எழுவதுலயே போயிருப்பான். அவன யாரு அளக்க? நம்ம ஊர் எளவட்டக்கல்லு சங்கதியும் இதேதான். கல்லத் தூக்கித் தோளுக்கு மேல பின்னால போட்டவனுக்குத்தான் பொண்ணு குடுப்போம்னு பேசுவாக. தூக்குனவன் பேரு மூணு தலமொறைக்கு நிக்கும். முழங்கால் வரைக்கும் கொண்டாந்துட்டு எறக்கி வச்சவன் எத்தன பேரு? இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயி எண்ணெய் தேச்சவன் எத்தன பேரு? அவங்களுக்குங் கல்யாணம் ஆச்சு, பிள்ளகுட்டி பெத்தாகல்லா! நாமளே அந்தப் பரம்பரையா இருந்தாலும் இருக்கும், யாருக்குத் தெரியும்?

சரி, பாதி ஜீனுன்னா, அது எந்த ஜீனு? அத மட்டும் கேளாத. பிரிட்டன்ல 1,95,000 பேருக்கு மேல வச்சுத் துளாவி, பிடிபலத்தோட ஒட்டுன 16 எடத்த 2017ல கண்டுபிடிச்சாக. ஒவ்வொரு எடமும் உன் பிடியில ஒரு கிலோவக்கூட ஏத்தாது, எறக்காது. போதாக்குறைக்கு அதுல சேந்தவுக 40ல இருந்து 69 வயசுல வந்து சேந்தவுக. எனக்கு அவங்க எல்லாம் எளவட்டம். இப்படி ஆயிரக்கணக்குல பொடிப்பொடியாச் செதறிக் கெடக்குத சங்கதியில இருந்து ஒண்ணப் பொறுக்கி, செவப்பு மையில கட்டங்கட்டி, உனக்கு வித்திருக்கான். கெட்டிக்காரன். அவனுக்கு யாவார ஜீன் ரெண்டு பிரதியும் இருக்கும் போல.

இப்போ நான் ரசிச்ச கத ஒண்ணு சொல்லுதேன். அமெரிக்காவுல பாஸ்டன் பட்டணத்துல முதியோர் மறுவாழ்வு இல்லம் ஒண்ணு. மரியா ஃபியாட்டரோன்னு ஒரு டாக்டரம்மா. 86 வயசுல இருந்து 96 வயசு வரைக்கும் உள்ள பத்துப் பேரப் பிடிச்சாக. நடக்கவே தடுமாறுத கெழடுக. அவங்களுக்கு என்ன குடுத்தாகன்னு நெனைக்க? கஷாயமா? கால்ல பளுவக் கட்டித் தூக்க வச்சாக. அதுவும் ஒப்புக்கு இல்ல. அவங்களால ஒரு தடவ தூக்க முடியுத உச்ச எடையில 80 சதவீதம் வரைக்கும் ஏத்துனாக. பக்கத்துலயே ஆளு நின்னு பாத்துக்கிட்டாக, அத விட்றாத. வாரத்துக்கு மூணு நாளு, எட்டு வாரம். முடிச்சவுக ஒம்போது பேரு. 1990ல கணக்கு வந்துது: பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருந்துச்சு. தொடைச் சதை 9 சதவீதம் பெருத்திருந்துச்சு.

உன் அக்கா வாசிச்ச ஒடனே நான் கேட்டேன். 'ஏட்டி, ஒரு படி நெல்லு வச்சிருந்தவன் ரெண்டு படி வச்சா நூறு சதவீதந்தான?' ஆமா தாத்தா, ஆரம்பத்துல ரொம்பக் கொஞ்சந்தான் தூக்கியிருக்காக, அதனால சதவீதம் பெருசாத் தெரியுதுன்னா. ஒத்துக்கிடுதேன். ஆனாலும் 96 வயசு வரைக்கும் உள்ள ஆளுகலே! அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு உன்னத் தலையில குட்டிக் குட்டிச் சொல்லுவேன்லா? அந்தப் பழமொழிய நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன். இன்னொண்ணு, பயிற்சிய நிறுத்துன நாலே வாரத்துல கூடுன பலம் கொறைய ஆரம்பிச்சிருச்சு. ஜிம்முக்கு ஒரு வருசத்துப் பணத்த மொத்தமாக் கட்டிட்டு பத்து நாள் போறானே ஒருத்தன், அவனுக்குச் சொல்லு. யாருன்னு நான் சொல்லமாட்டேன். உன் கட்டிலுக்கு அடியில பை கெடக்கு.

அந்த டாக்டரம்மா அத்தோட விடல. 1994ல நூறு பேர வச்சுப் பாத்தாக. சராசரி வயசு 87. நாலு கூட்டமாப் பிரிச்சாக. ஒரு கூட்டத்துக்குப் பளு மட்டும். ஒரு கூட்டத்துக்குச் சத்துப் பானம் மட்டும். ஒரு கூட்டத்துக்கு ரெண்டும். ஒரு கூட்டத்துக்கு ரெண்டும் இல்ல. பத்து வாரம். பளு தூக்குனவுகளுக்குப் பலம் 113 சதவீதம் கூடிச்சு. தூக்காதவுகளுக்கு 3 சதவீதம். நடையும் வெரசாச்சு, படியேறுததும் தெம்பாச்சு. சத்துப் பானத்த மட்டும் குடிச்சவுக? குடிச்சாக, அம்புட்டுதான். உன் மேசை மேல பானை அளவுக்கு ஒரு டப்பா இருக்கே, சாக்லேட் வாசத்துல, அதுகிட்டயும் இதச் சொல்லு. பசிச்ச கெழவனுக்குப் பருப்பும் முட்டையும் மீனும் வேணும், அத நான் இல்லைங்கல. வேல குடுக்காத சதைக்குத் தீனிய மட்டும் போட்டா அது வயித்துல போயித்தான் தங்கும். உன் வயித்தப் பாரு.

மருந்து உண்டான்னு கேப்ப. உண்டு. சதைய வளரவிடாமத் தடுக்குத மயோஸ்டாட்டின்னு ஒரு சரக்கு நம்ம ஒடம்புலயே ஊறுது. அது ஊறாத பெல்ஜியம் நாட்டு மாடுக சதை பிதுங்கி நிக்கும். அந்தத் தடையத் தட்டிவிட 'பிமாக்ரூமாப்'னு ஒரு ஊசி மருந்து செஞ்சாக. பேரச் சொல்லவே தாடைக்குப் பலம் வேணும். சதை தளந்த வயசாளிகளுக்கு 24 வாரம் போட்டுப் பாத்தாக, 2020ல முடிவு வந்துது. சதை கூடிச்சு. ஆனா நடக்க, நிக்க, நாற்காலியில இருந்து எந்திரிக்க வச்சுப் பாத்தா, வெறும் ஊசி போட்டவுகளவிட ஒசத்தியா ஒண்ணுமில்ல. ரெண்டு கூட்டத்துக்குமே வீட்டுல செய்யச் சொல்லிப் பயிற்சியும் நல்ல சாப்பாடும் குடுத்திருந்தாக, ரெண்டுமே கொஞ்சம் தேறிச்சு. கம்பெனிக்குத்தான் தேறல.

என்னலே மோட்டப் பாக்க? ரிப்போர்ட்டுக்கு எம்புட்டுக் குடுத்தேன்னு கேக்கமாட்டேன், பயப்படாத. எனக்குக் காசு பெருசில்ல. இந்த வயசுல நீ லிப்ட்டுல மாடி ஏறி, மேல போயி ஓடுத மிசின்ல ஓடிட்டு, லிப்ட்டுல எறங்குதியே, அதுதான் எனக்கு மனசிலாகல. தண்ணிக் கேனத் தூக்கிட்டு வாறதுக்கு ஆள் வைக்க. தூக்குததுக்கு இரும்பு வாங்கி வைக்க. அந்தக் கேனு இருவது லிட்டர்லே, இருவது கிலோ! ஓசியில கெடைக்குத பளுவ இன்னொருத்தன் தோள்ல ஏத்தி, அதுக்குக் கூலியும் குடுக்குத ஊரு ஒங்க ஊருதான்.

சரி, எச்சியும் வேண்டாம், கூரியரும் வேண்டாம். தாத்தாவே உனக்கு ஒரு சோதன வைக்கேன். இதுவும் டாக்டருக வச்சிருக்குததுதான். அந்த நாற்காலிய இழுத்துச் சொவத்தோட ஒட்டிப் போடு. உக்காரு. ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கக் கட்டிக்கோ. அஞ்சு தடவ முழுசா எந்திரிச்சு உக்காரணும். கெழடுகளுக்கே 12 செகண்டு ஆயிட்டா பலக்குறைவுன்னு எழுதுதாக. நீ எளவட்டம், ஏழுல முடிக்கணும். உன் அந்த வாச்சக் கழத்தி என்ட்டக் குடு, நான் பாக்கேன். ம், எந்திரி. ஒண்ணு. ரெண்டு. என்னலே மூச்சு வாங்குது? மூணு... ஏலே, மேசையத் தொடாதங்கேன்! மொதல்ல இருந்து.